வில்ஸ் நினைவுக் கட்டடப் பெருமண்டபம்: எரிந்த கூரையும் மீட்டெடுப்பும்

வில்ஸ் நினைவுக் கட்டடம் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் அடையாளமாக விளங்கும் கட்டடமாகும். பார்க் ஸ்ட்ரீட் என்னும் ஏற்றமான கடைத்தெருவின் உச்சியில், 215 அடி உயரக் கோபுரத்துடன் இது நிற்கிறது. புதுக் கோதிக் பாணியில் ஜார்ஜ் ஓட்லி வடிவமைத்த இக்கட்டடம் 1925ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இதன் உள்ளே அமைந்த பெருமண்டபம் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாக்கள் நடைபெறும் இடம். 1940ஆம் ஆண்டு ஜெர்மானிய விமானத் தாக்குதலில் இம்மண்டபத்தின் மரக்கூரை முழுவதும் எரிந்து அழிந்தது. 1959 முதல் 1963 வரை நடைபெற்ற பணியில், முதலில் இருந்த வடிவத்திலேயே அது மீண்டும் அமைக்கப்பட்டது.

பார்ப்பவர் பலர் இதை இடைக்காலக் கட்டடம் என்றே எண்ணுவர். உண்மையில் கட்டடத்திற்கு வயது நூறு ஆண்டுகள்தான். மண்டபத்தின் கூரைக்கு அறுபது ஆண்டுகளைச் சற்றுக் கடந்த வயது. ஒரு கட்டடத்தை மீட்டெடுப்பது என்றால் என்ன, எரிந்ததை அப்படியே திரும்பக் கட்டுவது சரியா என்னும் கேள்விகளை ஆராய இம்மண்டபத்தின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

புகையிலைப் பணமும் பல்கலைக்கழகமும்

பிரிஸ்டலில் 1876ஆம் ஆண்டு ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் அதன் தொடக்ககால முதல்வர்களுள் ஒருவர். தொடக்கம் முதலே பணத்தட்டுப்பாட்டில் இயங்கிய இக்கல்லூரியைப் பல்கலைக்கழகமாக உயர்த்தப் பெருந்தொகை தேவைப்பட்டது. 1908ஆம் ஆண்டு ஹென்றி ஓவர்டன் வில்ஸ் என்பவர் ஒரு லட்சம் பவுன் தருவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டே, 1909இல், அரச சாசனம் கிடைத்துப் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் உருவானது. அதன் முதல் வேந்தராக வில்ஸ் பொறுப்பேற்றார். 1911இல் அவர் இறந்தார்.

வில்ஸ் குடும்பத்தின் செல்வம் புகையிலைத் தொழிலில் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிஸ்டலில் தொடங்கிய அவர்களது நிறுவனம், 1901ஆம் ஆண்டு வேறு பல பிரித்தானியப் புகையிலை நிறுவனங்களுடன் இணைந்து இம்பீரியல் டொபாக்கோ ஆனது. 1910ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கப்பட்ட இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியாதான் இன்றைய ஐ.டி.சி. தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் தலைமுறைகளாகக் கேட்டு வாங்கப்பட்ட 'வில்ஸ்' சிகரெட்டின் பெயரும், பிரிஸ்டல் கோபுரத்தின் பெயரும் ஒரே குடும்பத்தைக் குறிப்பவை.

தந்தையின் நினைவாக ஒரு பெருங்கட்டடம் எழுப்ப அவருடைய மகன்கள் ஜார்ஜ் ஆல்ஃபிரட் வில்ஸ், ஹென்றி ஹெர்பர்ட் வில்ஸ் ஆகிய இருவரும் முன்வந்தனர். 'நினைவுக் கட்டடம்' என்னும் பெயரைக் கண்டு இதைப் போர் நினைவுச் சின்னம் என்று கருதுவது தவறு. இது தந்தைக்கு மகன்கள் எழுப்பிய நினைவு.

கட்டுமானம்

வடிவமைக்கும் பொறுப்பு பிரிஸ்டலைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஜார்ஜ் ஓட்லியிடம் ஒப்படைக்கப்பட்டது. காலத்தால் அசையாத கட்டடம் வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். ஓட்லி தேர்ந்தெடுத்தது இங்கிலாந்தின் பிற்கால கோதிக் பாணியை. உயர்ந்த செங்குத்துக் கோடுகள், அகன்ற சாளரங்கள், விசிறி விரிந்தாற்போன்ற கல் கூரைகள் ஆகியவை இப்பாணியின் அடையாளங்கள்.

1915ஆம் ஆண்டு பணி தொடங்கியது. முதல் உலகப்போர் காரணமாக 1916இல் நின்றது. போர் முடிந்தபின் 1919இல் மீண்டும் தொடர்ந்தது. மகன்களில் ஒருவரான ஹென்றி ஹெர்பர்ட் வில்ஸ் கட்டடம் முடியும் முன்பே, 1922இல் காலமானார். 1925 ஜூன் 9 அன்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் வந்து கட்டடத்தைத் திறந்து வைத்தனர். மொத்தச் செலவு 5 லட்சம் பவுனைத் தாண்டியது. அதே ஆண்டில் ஓட்லிக்கு 'சர்' பட்டம் வழங்கப்பட்டது.

வெளித்தோற்றம் இடைக்காலத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும், உள்ளே இருப்பது 20ஆம் நூற்றாண்டின் தொழில்நுட்பம். வலுவூட்டிய கான்கிரீட்டின் மேல் பாத், கிளிப்ஷாம் ஆகிய ஊர்களின் சுண்ணக்கல் போர்த்தப்பட்டுள்ளது. கோபுரத்தில் 'கிரேட் ஜார்ஜ்' என்னும் 9.5 டன் எடையுள்ள மணி தொங்குகிறது.

கட்டடம் திறக்கப்பட்ட காலத்தில் ஐரோப்பியக் கட்டடக்கலை வேறு திசையில் சென்றுகொண்டிருந்தது. ஜெர்மனியில் கண்ணாடியும் எஃகும் கான்கிரீட்டும் கொண்ட பாஹாஸ் பள்ளியின் டெசாவ் கட்டடம் அடுத்த ஆண்டே, 1926இல், திறக்கப்பட்டது. அவ்வகையில் வில்ஸ் கட்டடம் பிறக்கும்போதே பழைமையானது. புதுக் கோதிக் பாணியில் இங்கிலாந்தில் எழுந்த கடைசிப் பெருங்கட்டடங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. பழைய பல்கலைக்கழகங்களான ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் மண்டபங்களைப் போலத் தோன்ற வேண்டும் என்னும் ஆசை புதிய பல்கலைக்கழகங்களுக்கு இருந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் மும்பைப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மண்டபத்தை ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் கோதிக் பாணியில் வடிவமைத்ததிலும் இந்த ஆசையின் சாயல் உண்டு.

மண்டபத்தின் கூரை

நுழைவு மண்டபத்தின் இரட்டைப் படிக்கட்டுகளில் ஏறினால் பெருமண்டபத்தை அடையலாம். ஏறக்குறைய 100 அடி நீளம், 50 அடி அகலம், 75 அடி உயரம் கொண்ட இம்மண்டபத்தின் சிறப்பு அதன் ஓக் மரக் கூரை. இவ்வகைக் கூரையை ஆங்கிலேயத் தச்சர்கள் 'ஹாமர்பீம்' என்று அழைத்தனர்.

சாதாரண ஓட்டுக்கூரையில் இருபுறச் சுவர்களையும் இணைத்து ஒரு நீண்ட விட்டம் குறுக்கே செல்லும். கைமரங்கள் சுவரை வெளிநோக்கித் தள்ளாமல் அந்த விட்டமே இழுத்துப் பிடிக்கும். மண்டபம் 50 அடி அகலம் என்றால் அவ்வளவு நீளமான, உறுதியான ஒற்றை மரம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் குறுக்கே செல்லும் விட்டங்கள் மண்டபத்தின் உயரத்தை மறைத்துவிடும். இதற்கு இடைக்காலத் தச்சர்கள் கண்ட வழிதான் ஹாமர்பீம். இருபுறச் சுவர்களின் உச்சியிலிருந்தும் குட்டையான விட்டங்கள் மண்டபத்தின் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் பதித்த கல்தாங்கிகளிலிருந்து எழும் வளைந்த முட்டுகள் அவற்றைக் கீழிருந்து தாங்கும். நீட்டிய முனைகளின்மேல் நிற்கும் குத்துமரங்கள் மேற்கூரையைச் சுமக்கும். நடுவில் எந்த விட்டமும் இல்லாததால் பார்வை தடையின்றி உச்சிவரை செல்லும். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திற்காக 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹியூ ஹெர்லண்ட் என்னும் தச்சர் அமைத்த கூரை இம்முறையின் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

20ஆம் நூற்றாண்டில் எஃகுச் சட்டங்களைக் கொண்டு 50 அடி அகலத்தை எளிதில் மூடியிருக்கலாம். ஓட்லி அவ்வாறு செய்யாமல் பழைய முறையில் ஓக் மரத்தையே எடுத்தாண்டார். அந்தத் தேர்வுதான் பின்னர் நெருப்புக்கு இரையானது.

1940 நவம்பர் 24

பிரிஸ்டல் ஒரு துறைமுக நகரம். விமானத் தொழிற்சாலைகளும் அங்கே இருந்தன. ஆகவே இரண்டாம் உலகப்போரில் அது ஜெர்மானிய விமானப்படையின் இலக்காயிற்று. 1940 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை மாலை, நகரின்மீது முதல் பெருந்தாக்குதல் நடந்தது. வெடிகுண்டுகளுடன் ஆயிரக்கணக்கான எரிகுண்டுகளும் வீசப்பட்டன. எரிகுண்டு என்பது சிறியது. கூரையைத் துளைத்து உள்ளே தங்கி, கடும் வெப்பத்துடன் எரியக்கூடியது. கல்லையும் கான்கிரீட்டையும் விட மரக்கூரைகளுக்கே அது பெரும் எமன்.

அன்றிரவு கோட்டைத் தெருவும் ஒயின் தெருவும் அடங்கிய பழைய கடைவீதி முழுவதும் எரிந்தது. சுமார் 200 பேர் உயிரிழந்தனர். வில்ஸ் கட்டடத்தை அடுத்திருந்த நகர அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி அழிந்தது. பெருமண்டபத்தின் ஹாமர்பீம் கூரை எரிந்து விழுந்தது.

அம்மண்டபத்தில் அப்போது இருந்தவை பிரிஸ்டலின் உடைமைகள் மட்டுமல்ல. போர் தொடங்கியதும் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் சில துறைகள் பாதுகாப்புக் கருதிப் பிரிஸ்டலுக்கு இடம்பெயர்ந்தன. அக்கல்லூரி நூலகத்தின் புத்தகங்களும் உடன் வந்தன. குண்டுகளுக்குத் தப்ப லண்டனிலிருந்து கொண்டுவரப்பட்ட அப்புத்தகங்களில் ஏறக்குறைய 7,000, இங்கே எரிந்து சாம்பலாயின.

கூரையிழந்த நாட்களில்

1929 முதல் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1940 மே மாதம் அவர் பிரித்தானியப் பிரதமரானார். 1941 ஏப்ரல் 12 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் ராபர்ட் மென்சீஸ், அமெரிக்கத் தூதர் ஜான் வைனன்ட் ஆகியோருக்குக் கௌரவப் பட்டம் வழங்க அவர் பிரிஸ்டலுக்கு வந்தார். முந்தைய இரவு, புனித வெள்ளியன்று, நகரம் மீண்டும் கடுமையாகத் தாக்கப்பட்டிருந்தது. சர்ச்சில் வந்தபோது பல இடங்களில் தீ அணையவில்லை.

விழாவை ஒத்திவைக்கவில்லை. கூரையிழந்த பெருமண்டபம் பயன்படாததால் கட்டடத்தின் வேறொரு பகுதியில் விழா நடைபெற்றது. இரவு முழுவதும் தீயணைப்புப் பணியில் இருந்தவர்கள், நனைந்து அழுக்கேறிய சீருடைகளின்மேல் வண்ணப் பட்டமளிப்பு அங்கிகளை அணிந்து வந்து அமர்ந்தனர். பல்கலைக்கழகம் என்பது கட்டடம் மட்டுமன்று என்பதை அக்காட்சி உணர்த்தியது. எனினும் அத்தகைய விழாவுக்கென்றே கட்டப்பட்ட மண்டபம் அருகிலேயே சிதைந்து கிடந்ததையும் அது நினைவூட்டியது.

போர் 1945இல் முடிந்தது. ஆனால் மண்டபம் மீள மேலும் 18 ஆண்டுகள் ஆயின. போருக்குப் பிந்தைய பிரித்தானியாவில் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டுவதே முதன்மைப் பணி. மரம், எஃகு, சிமென்ட் அனைத்தும் பற்றாக்குறை. 1954 வரை எந்தக் கட்டுமானத்திற்கும் அரசின் உரிமம் தேவைப்பட்டது. அலங்கார மரக்கூரை வரிசையில் பின்னால்தான் நிற்க முடியும். கட்டடத்தை உருவாக்கிய ஓட்லி, தம் மண்டபம் மீண்டும் எழுவதைக் காணாமலேயே 1950இல் காலமானார்.

எரிந்த கட்டடத்தை என்ன செய்வது

போரில் எரிந்த கட்டடங்களை என்ன செய்வது என்னும் கேள்வி அன்று பிரித்தானியா முழுவதும் எழுந்தது. ஊருக்கு ஊர் வெவ்வேறு விடைகள் கிடைத்தன.

முதல் விடை, சிதைவை அப்படியே விட்டுவிடுவது. வில்ஸ் கட்டடம் சேதமடைந்த அதே இரவில் பிரிஸ்டலின் புனித பீட்டர் தேவாலயமும் எரிந்தது. கூரையற்ற அதன் சுவர்கள் இன்றும் கோட்டைப் பூங்காவில் நிற்கின்றன. போரில் இறந்த நகர மக்களுக்கான நினைவிடமாக அது பேணப்படுகிறது.

இரண்டாம் விடை, சிதைவின் அருகே புதியதைக் கட்டுவது. பிரிஸ்டல் தாக்குதலுக்குப் பத்து நாட்களுக்கு முன், 1940 நவம்பர் 14 அன்று, கோவென்ட்ரி பேராலயம் அழிந்தது. அதன் சுவர்களை நினைவாக விட்டுவிட்டு, பக்கத்தில் பாசில் ஸ்பென்ஸ் வடிவமைத்த நவீனப் பேராலயம் எழுந்தது. அது 1962இல் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது.

மூன்றாம் விடை, பழைய உருவத்தைத் தழுவிப் புதிதாகக் கட்டுவது. 1941 மே மாதம் அழிந்த நாடாளுமன்ற மக்களவை அரங்கு இதற்குச் சான்று. பழைய அளவிலும் அமைப்பிலும் அதைக் கட்ட வேண்டும் என்று சர்ச்சில் வாதிட்டார். மும்பை மண்டபத்தை வடிவமைத்த ஸ்காட்டின் பேரரான கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட், அலங்காரத்தைக் குறைத்து எளிமைப்படுத்திய கோதிக் பாணியில் அதை அமைத்தார். 1950இல் அது திறக்கப்பட்டது.

பிரிஸ்டல் பல்கலைக்கழகம் நான்காம் விடையைத் தேர்ந்தது. ஓட்லியின் மூல வடிவமைப்பின்படியே கூரையை மீண்டும் அமைப்பது என முடிவாயிற்று. எரிந்தது கூரைதான், கோபுரமும் நுழைவு மண்டபமும் நின்றன. ஒரே கருத்தில் பிறந்த கட்டடத்தின் நடுவில் மாறுபட்ட கூரை வந்தால் முழுமை குலையும். மேலும் இது வழிபாட்டிடமோ நினைவிடமோ அல்ல; ஆண்டுதோறும் மாணவர் பட்டம் பெறவும் தேர்வெழுதவும் வேண்டிய இடம்.

மீட்டெடுப்புப் பணி

1959ஆம் ஆண்டு பணி தொடங்கியது. பொறுப்பேற்றவர் ரால்ஃப் பிரென்ட்னால். அவர் ஓட்லியின் தொழில் பங்காளியாக இருந்தவர். ஓட்லியின் எண்ணத்தையும் அவர் பணியாற்றிய விதத்தையும் அருகிலிருந்து அறிந்தவர். பல நூற்றாண்டுப் பழைமையான கட்டடங்களை மீட்டெடுப்போர், மூலத் தச்சர் என்ன நினைத்தார் என்பதை ஊகிக்க வேண்டியிருக்கும். இங்கே அந்த இடைவெளி ஒரு தலைமுறைகூட இல்லை.

தீக்கு இரையான கல் மண்டபத்தில் மரவேலையைத் தொடங்கும் முன் சுவரைச் சோதிப்பது இன்றியமையாதது. சுண்ணக்கல் கடும் வெப்பத்தில் சில நூறு டிகிரியைத் தாண்டும்போது, அதிலுள்ள இரும்புச் சத்தினால் இளஞ்சிவப்பு நிறம் கொள்ளும். மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும். நிறம் மாறிய ஆழத்தைக் கொண்டு கல் எவ்வளவு வலுவிழந்தது என்பதைக் கணிப்பர். ஹாமர்பீம் கூரையின் எடை முழுவதும் கல்தாங்கிகள் வழியாகச் சுவரில் இறங்குவதால் இச்சோதனையில் பிழை நேரக்கூடாது.

ஓக் மரமும் எளிதானதன்று. பச்சையாக இருக்கும்போது இழைக்கவும் செதுக்கவும் இலகுவானது. உலர உலர இரும்புபோல் இறுகும். உலரும்போது சுருங்கி, முறுக்கிக்கொள்ளவும் செய்யும். பெரிய மரங்கள் உள்வரை உலரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே இணைப்புகளை அச்சுருக்கத்திற்கு இடம்விட்டே அமைக்க வேண்டும். 1960களில் இத்தகைய வேலை அறிந்த தச்சர்களும் மரச்சிற்பிகளும் அருகிவந்தனர். நாடெங்கும் கான்கிரீட் அடுக்ககங்கள் எழுந்துகொண்டிருந்த காலத்தில் இங்கே இடைக்காலத் தச்சுமுறையில் ஒரு கூரை எழுந்தது.

1963ஆம் ஆண்டு பணி நிறைவுற்றது. 23 ஆண்டுகளுக்குப் பின் பெருமண்டபம் மீண்டும் பயன்பாட்டிற்கு வந்தது. சர்ச்சில் அப்போதும் வேந்தராகவே இருந்தார். 1965இல் இறக்கும்வரை அவர் அப்பொறுப்பில் நீடித்தார்.

நகலா, மீட்பா?

மீட்டெடுப்பு குறித்து இங்கிலாந்தில் நீண்ட விவாத மரபு உண்டு. 1877ஆம் ஆண்டு வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழைய கட்டடங்களைப் 'புதுப்பிக்கிறோம்' என்னும் பெயரில் மாற்றுவதைக் கடுமையாக எதிர்த்தது. பழுது பார்க்கலாம், பொய்யான பழைமையை உருவாக்கக் கூடாது என்பது அதன் நிலைப்பாடு. பிரிஸ்டல் மண்டபம் நிறைவுற்ற மறு ஆண்டு, 1964இல், வெளியான வெனிஸ் சாசனமும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டெடுப்பு நிற்க வேண்டும் என்றும், புதிதாகச் சேர்ப்பவை தம் காலத்தைக் காட்ட வேண்டும் என்றும் கூறியது.

இந்த அளவுகோலில் பிரிஸ்டல் கூரை பாதி தேறும், பாதி தேறாது. மூல வடிவமைப்பு தெரிந்திருந்ததால் ஊகத்திற்கு வேலையில்லை. ஆனால் 1963இன் கூரை தன்னை 1963இன் கூரையாகக் காட்டிக்கொள்வதில்லை. விவரம் அறியாத பார்வையாளர் அதை ஓட்லியின் கூரை என்றே எண்ணுவார். போர் நடந்ததையே உணரமாட்டார். மறுபுறம், ஓட்லியின் கூரையும் 1925இல் செய்த இடைக்காலச் சாயல்தான். அதில் எரிந்துபோனது நூற்றாண்டுகளின் சுவடு அல்ல, 15 ஆண்டுப் பழைமை கொண்ட மரம். வடிவம் பிழைத்தது, அதைச் செய்யும் கைத்திறன் இன்னொரு தலைமுறைக்குக் கைமாறியது. புதுக் கோதிக் கட்டடம் ஒன்றுக்கு இதுவே பொருத்தமான மீட்பு என்பார் உண்டு.

பெயர் குறித்த விவாதம்

மரக்கூரையைத் திரும்பக் கட்டிவிட்டால் மீட்டெடுப்பு முடிந்துவிடுவதில்லை. கட்டடம் தாங்கும் பெயரும் அண்மைக் காலத்தில் கேள்விக்குள்ளானது. அமெரிக்காவில் அடிமைமுறை 1865 வரை நீடித்தது. அதுவரை அங்கிருந்து வந்த புகையிலையில் பெரும்பகுதி அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் உழைப்பில் விளைந்தது. வில்ஸ் குடும்பத்தின் வணிகமும் அதை நம்பியே வளர்ந்தது. 2017ஆம் ஆண்டு மாணவர்கள் சிலர் பெயரை மாற்றக் கோரி மனு அளித்தனர். 2020 ஜூன் 7 அன்று, அடிமை வணிகர் எட்வர்டு கோல்ஸ்டனின் சிலையைப் போராட்டக்காரர்கள் வீழ்த்தித் துறைமுக நீரில் தள்ளியபின் விவாதம் மேலும் சூடுபிடித்தது.

கருத்துக்கேட்புக்குப் பின் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் முடிவை அறிவித்தது. கட்டடங்களின் பெயர்கள் தொடரும். கோல்ஸ்டனைக் குறித்த டால்ஃபின் உருவம் சின்னத்திலிருந்து நீக்கப்படும். இன ஏற்றத்தாழ்வைக் களையும் திட்டங்களுக்கு 1 கோடி பவுன் ஒதுக்கப்படும் என்பன அதன் கூறுகள். இம்முடிவு எல்லோரையும் நிறைவு செய்யவில்லை.

இன்று

வில்ஸ் நினைவுக் கட்டடம் இரண்டாம் தர நட்சத்திரத் தகுதி பெற்ற பாதுகாக்கப்பட்ட கட்டடமாகும். 2006-07ஆம் ஆண்டுகளில் கோபுரம் சாரம் கட்டித் தூய்மைப்படுத்தப்பட்டது. சட்டத்துறையும் புவி அறிவியல் துறையும் இங்கே இயங்கிவந்துள்ளன. உலகின் பல நாடுகளிலிருந்து வரும் மாணவர்கள், ஆண்டுதோறும் 1963ஆம் ஆண்டின் ஓக் கூரையின்கீழ் நின்று பட்டம் பெறுகின்றனர். அவர்கள் வெளியே வந்து கோட்டைப் பூங்காவரை நடந்தால், அதே இரவில் எரிந்து, திரும்பக் கட்டப்படாத புனித பீட்டர் தேவாலயத்தின் சுவர்களையும் காணலாம்.